பச்சைச் செருப்பு இடம் மாறும் நேரம்

அந்தப் பச்சைச் செருப்பு நேற்று ஏழாம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. இன்று பன்னிரண்டாம் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. அதற்கு முன்பு ஜன்னலோரக் கட்டிலுக்குக் கீழே பார்த்த ஞாபகம். ரப்பர் செருப்பு, ஆண்கள் அளவு. வலது காலின் வார் அறுந்துபோய், செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. நோயாளியைக் கட்டில் மாற்றிப் படுக்க வைப்பது எந்த வார்டிலும் நடப்பதுதான். ஆனால் இந்த மூன்று கட்டில்களிலும் அவள் பார்த்தபோது ஆளே இல்லை.

"பன்னிரண்டுல யாரு சிஸ்டர்?" என்று கேட்டாள்.

மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்க்காமலே, "பாத்ரூம் போயிருப்பாரு" என்றாள்.

அவள் பாத்ரூம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். வந்த யாரும் பன்னிரண்டை நோக்கிப் போகவில்லை. பகல் டூட்டி மாறியது. மாலைக்காரர்கள் வந்தார்கள். அவள் ஒரு முதியவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் செருப்பைக் காணோம். கட்டிலில் புது விரிப்பு. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு புது நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, அதே பன்னிரண்டில் படுக்க வைத்தார்கள்.

அவள் ஒன்றும் அனுபவம் இல்லாதவள் அல்ல. பதினான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே எந்தக் கருவி வேண்டும் என்று தெரிந்துகொள்கிறவள். நர்சிங் நிர்வாகத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தாள். அதன் கடைசிப் பருவம் முழுக்கச் செய்முறைப் பயிற்சி. தெரியாத ஒரு வார்டுக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அங்கே இருப்பவர்களைக் கொண்டே அதைச் சரிசெய்து காட்ட வேண்டும். அவளுக்குக் கிடைத்தது இரண்டாம் மாடி ஆண்கள் வார்டு. கொடுத்த சிக்கல் இது: இந்த வார்டில் மட்டும் படுக்கை காலியாவது எப்போதும் தாமதமாகிறது. அதனால் கீழே அவசரப் பிரிவின் நடைபாதையில் நோயாளிகள் தள்ளுவண்டியிலேயே கிடக்கிறார்கள்.

தியேட்டரில் நோயாளி மயங்கி வருவார், மயங்கியே போவார். வார்டு அப்படி இல்லை. இங்கே நோயாளிக்கு மனைவி உண்டு, மகன் உண்டு, பை உண்டு, ஃபிளாஸ்க் உண்டு. இந்த உலகத்தின் சூட்சுமங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. வார்டில் அவளுக்கு 'யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "யுனிவர்சிட்டி வருது, நேரா நில்லுங்கடி" என்று அவள் காதுபடவே சொல்வார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை, இதே வார்டில் பகல் டூட்டி நர்ஸ்.

"அண்ணி, வீட்டுக் கதையெல்லாம் இங்க கொண்டு வந்துடாதீங்க" என்று முதல் நாளே நாத்தனார் கேட்டுக்கொண்டாள்.

"நீ உப்பு போட மறந்ததையெல்லாம் சொல்ல மாட்டேன். பயப்படாதே."

"அதைத்தான் சொல்றேன்!"

அதற்குப் பிறகு வார்டில் இருவரும் "சிஸ்டர், சிஸ்டர்" என்று அழைத்துக்கொண்டு, அளவோடு சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தாள். நாத்தனாரின் கணவர் வயரிங் வேலை செய்பவர். ஓடாத மின்விசிறி, எரியாத அடுப்பு, நின்றுபோன கடிகாரம் எதையும் தூக்கிப் போட மனசு வராதவர். அவர் வெறுங்காலோடு வாசலுக்கு வந்து கதவைத் திறந்தார்.

"வாங்க தங்கச்சி. பாத்து வாங்க, தரை ஈரம். என் செருப்பைக் காணோம், ஒரு மாசமா வீட்டுக்குள்ள கோயில்ல நடக்கிற மாதிரி நடக்கிறேன்."

"புதுசு வாங்கிக்க வேண்டியதுதானே அண்ணா?"

"அது எப்படி? வார் அறுந்ததுக்கு செம்புக் கம்பி போட்டு நானே கட்டினது. செருப்பு தேஞ்சாலும் கம்பி தேயாது. பச்சை கலர். அதை யாரு எடுத்திருப்பா?"

அடுக்களையில் பாத்திரம் ஒன்று கீழே விழுந்தது.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். நாத்தனார் விழுந்த மூடியை எடுக்காமல், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா?"

"கத்தாதீங்க அண்ணி, அவர் காதுல விழும்."

"செருப்பு போனதுக்கு அவர் உன்னை விட்டுடுவார். கட்டிலுக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவளும் எதிரே உட்கார்ந்தாள். பிறகு எல்லாம் வெளியே வந்தது.

படுக்கைகளைக் கணக்கெடுக்க அட்மிஷன் மேசையிலிருந்து ஒருவர் மாடி மாடியாக வருவார். வார்டுக்குள் காலடி வைத்தால் யாரையாவது தூக்கிப் புரட்டக் கை கொடுக்கச் சொல்வார்கள் என்று பயந்து, வாசலிலேயே நின்று கழுத்தை மட்டும் நீட்டுவார். அதனால் அவருக்குக் 'கொக்கு' என்று பெயர். கொக்குக்கு அங்கேயிருந்து தெரிவது கட்டிலின் கால்மாடு மட்டும். விரிப்பு கலைந்து, கீழே செருப்பு கிடந்தால் 'ஆள் இருக்கிறார், எங்கேயோ எழுந்து போயிருக்கிறார்' என்று கணக்கில் எழுதிக்கொண்டு போய்விடுவார். அதற்காகத்தான் செருப்பு. நாத்தனார் கொண்டுவந்தாள் என்றாலும் வைத்தது அவள் மட்டுமல்ல. எந்தக் கட்டில் காலியானதோ அந்தக் கட்டிலின் நர்ஸ் வைப்பாள். மாலை டூட்டிக்காரர்கள் வந்து, கை கழுவி, மருந்து கொடுத்து, நிதானமானதும் எடுத்துவிடுவார்கள்.

"எதுக்கு இந்த நாடகம்? படுக்கை காலின்னா காலின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா அடுத்த நிமிஷம் ஆள் வருவாங்க அண்ணி. ஒருத்தரைச் சேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். டூட்டி முடியற நேரத்துல வந்தா, முடிச்சிட்டுத்தான் போகணும். பாப்பா ஸ்கூல் கேட்ல நிப்பா. எல்லாப் பிள்ளையும் போனப்புறம் அவ மட்டும் வாட்ச்மேன் ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பா. இவரு எந்த வீட்டுல எந்தச் சுவத்துல ஏறி நிக்கிறாரோ. ரெண்டு தடவை அப்படி ஆச்சு. மூணாவது தடவை வேணாம்னுதான்..."

கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு யோசனை வந்தது. செருப்பு என்ன செய்கிறது என்பது தெரிந்துவிட்டது. செருப்புக்கு ஏன் அங்கே வேலை இருக்கிறது என்பதுதான் இனிமேல் தெரிய வேண்டும்.

மறுநாள் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அவளைக் கூப்பிட்டார். மேட்ரன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் பயந்தார்கள்.

"ரெண்டாம் மாடியில ஆளில்லாத கட்டிலுக்குக் கீழ செருப்பு இருக்கு. நானும் பாத்தேன். யாரு வேலைன்னு கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன் மேடம்."

"பேரைச் சொல்லு. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஆஸ்பத்திரிக் கட்டிடத்துக்கு மாத்திடறேன்."

ஊருக்கு அந்தப் பக்கம் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஸ்டூல்தான் பாப்பாவுக்கு நிரந்தரம்.

"ஒரு பேரைச் சொன்னா அந்த ஒருத்தர் போவாங்க மேடம். செருப்பு போகாது. நாளைக்கு வேற யாராவது ஒரு மூக்குக்கண்ணாடியோ துண்டோ வைப்பாங்க. எனக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் கொடுங்க."

மேட்ரன் நாட்காட்டியைப் பார்த்தார். "மாசக் கடைசியில பகல் ரெண்டு மணிக்கு வருவேன். காலிக் கட்டிலை மறைச்சு வச்சிருந்தா பேரு வேணும். உன் பயிற்சிக்கு நான் போடற கையெழுத்தும் அதைப் பொறுத்துதான்."

அவள் வார்டுக்கு வந்து, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வேலை எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

ஒருவரைச் சேர்ப்பது என்றால் படுக்க வைத்துப் போர்த்திவிடுவது அல்ல. கையில் பெயர்ப்பட்டை கட்ட வேண்டும். எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை பார்க்க வேண்டும். வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் சொல்வது மனைவி. அது தப்பு என்று திருத்துவது மகன். இரண்டுமே இல்லை என்று கடைசியில் நோயாளி சொல்வார். டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி மருந்து ஏற்றக் கையில் குழாய் பொருத்தி, ரத்தம் எடுத்து அனுப்பி, முதல் மருந்தைக் கொடுத்து, பாத்ரூம் எந்தப் பக்கம் என்று காட்டி முடிக்கும்போது நர்ஸுக்கு நாக்கு வறண்டுவிடும்.

அந்த வார்டில் ஒரு விதி உண்டு: தொட்டவரே முடிக்க வேண்டும். ஒரு நர்ஸ் ஒரு நோயாளியைச் சேர்க்கத் தொடங்கினால், டூட்டி முடிந்தாலும் பாதியில் அடுத்தவர் கையில் கொடுக்கக் கூடாது. இது கொடுமைக்காக வைத்த விதி அல்ல. முன்பு ஒருமுறை பாதியில் கை மாறியபோது, மருந்து ஒவ்வாமையைப் பற்றி முதல் நர்ஸ் கேட்டிருப்பாள் என்று இரண்டாவது நர்ஸ் நினைத்தாள்; இரண்டாவது நர்ஸ் கேட்பாள் என்று முதலாமவள் விட்டுவிட்டாள். அந்த நோயாளி முகம் வீங்கி, மூச்சுத் திணறி, நல்ல வேளையாகப் பிழைத்தார். வார்டு இன்சார்ஜ் அதற்குப் பிறகு வைத்த விதி அது. நல்ல விதி.

படுக்கை எப்போது காலியாகிறது? காலையில் டாக்டர் சுற்றி வந்து, "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். காகிதம் எழுதி, மருந்து வாங்கி, பணம் கட்டி முடிய நண்பகல் தாண்டுகிறது. நோயாளி உண்மையில் கட்டிலை விட்டு இறங்குவது ஒரு மணிக்கு மேல். டூட்டி மாறுவது இரண்டு மணிக்கு. கடை சாத்துகிற நேரம் பார்த்து வாசலுக்கு வரும் வாடிக்கைக்காரர் மாதிரி, தினமும் புது நோயாளி வந்து சேர்வது அந்தக் கடைசி நேரத்தில்தான். இதில் யாரும் தப்பு செய்யவில்லை. சரியான விதியும் சரியான பழக்கமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. அந்த இடுக்கில்தான் செருப்பு கிடக்கிறது.

படுக்கை சீக்கிரம் காலியானால் போதுமே என்று முதலில் தோன்றியது. பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர்; வீட்டுக்குப் போகிறவர்களின் காகிதத்தை முதலிலேயே எழுதிக் கொடுத்தார். காகிதம் தயார், மருந்து தயார். நோயாளி சட்டையை மாட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் ரயிலுக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கூட்டிப்போக வேண்டிய மகன் வேலையில் இருந்தான். சாப்பாட்டு இடைவேளையில்தான் வர முடியும். வந்தான், ஒரு மணிக்கு மேல்.

அடுத்ததாக, வேலையை இரண்டாகப் பிரித்தாள். அளந்து பார்க்கிற வேலைகள் பகல்காரருக்கு, கேள்விகள் மாலைக்காரருக்கு. விதிக்கு ஒரே ஒரு நாள் விலக்கு கேட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் அனுமதி வாங்கினாள். அன்று வந்தவர் ஓய்வுபெற்ற கண்டக்டர்.

"எத்தனை தடவைம்மா வயசு சொல்றது?" என்றார் அவர். "ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒண்ணு கூடிக்கிட்டே போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இன்சார்ஜ் அவர் கையைத் தூக்கிப் பார்த்தார். பெயர்ப்பட்டை இல்லை. மாலைக்காரர் கட்டுவார் என்று பகல்காரர் நினைத்தார். பகல்காரர் கட்டியிருப்பார் என்று மாலைக்காரர் நினைத்தார்.

"யுனிவர்சிட்டி" என்றார் இன்சார்ஜ், மெதுவாக. "அந்த விதி சும்மா வைக்கலம்மா."

"தெரியுது சிஸ்டர். இதை இத்தோட விட்டுடறேன்" என்று சொல்லி, அவளே பட்டையை எடுத்துக் கட்டினாள். அன்று நாத்தனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை வார்டில் ஒரே சத்தம். பகல் டூட்டியில் ஒருத்தி இருந்தாள். எப்போதும் தாமதமாக வருவதால் 'கடைசி பஸ்' என்று பெயர். வேலையில் குறை சொல்ல முடியாது; ஊசி போட்டால் குழந்தை கூட அழாது. ஆனால் நேரத்துக்கு மட்டும் வரமாட்டாள். அன்றும் எல்லோரும் நோயாளிகளைத் துடைத்து விரிப்பு மாற்றி முடித்தபிறகு, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வாம்மா, வா" என்றார் இன்சார்ஜ். "நீ வர்ற நேரத்துக்குன்னு தனியா ஒரு டூட்டியே ஆரம்பிக்கணும் போல இருக்கு!"

வார்டு சிரித்தது. யுனிவர்சிட்டி மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"இப்ப சொன்னதை."

"அட, சும்மா திட்டினேன்மா. அவளை விட்டுட்டு என்னைப் பிடிச்சுக்கிட்டியே!"

ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லோருடைய டூட்டியும் ஒரே நேரத்தில் முடிவதால்தான், அந்த நேரத்தில் வரும் நோயாளி யாருக்குமே வேண்டாதவராகிவிடுகிறார். ஒரே ஒருத்தியின் டூட்டி அந்த நேரத்தில் நடுவில் இருந்தால்? அவளுக்கு இரண்டு மணி என்பது முடிவே அல்ல. நோயாளி ஒன்றரைக்கு வந்தாலும் தொட்டவரே முடிக்கலாம். விதி உடைய வேண்டியதில்லை, கை மாற வேண்டியதில்லை.

கடைசி பஸ்ஸை டீக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏன் தினமும் லேட்டு?"

"மாமியார் படுத்த படுக்கை அக்கா. பாத்துக்க ஒரு அம்மா வராங்க. அவங்க வர்றதே எட்டரைக்கு. அதுக்கு முன்னாடி எப்படி விட்டுட்டு வர்றது?"

"பத்து மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போறியா?"

கடைசி பஸ் டீயைக் கீழே வைத்தாள். "திட்டாம சொல்லுங்க அக்கா, கிண்டல்தானே பண்றீங்க?"

இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "காலையில ஆள் குறையும்மா. துடைக்கிறது, விரிப்பு மாத்துறது, மாத்திரை, எல்லாம் அப்பத்தான் மேல வந்து விழும்."

அதற்கும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தே பதில் பார்த்து வைத்திருந்தாள். அன்று வீட்டுக்குப் போகிறவர்களின் கட்டிலிலும் காலையில் புது விரிப்பு போடுகிறார்கள். அவர் போனபிறகு, அரை நாள் கூட ஆகாத அந்த விரிப்பை எடுத்துவிட்டு மறுபடியும் புதுசு போடுகிறார்கள். பழக்கம், அவ்வளவுதான். காலையில் அந்தக் கட்டில்களை விட்டுவிட்டால், ஒருத்தி குறைவது அவ்வளவாகத் தெரியாது.

இன்சார்ஜ் யோசித்தார். "ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்தா?"

"அதுதான் சிஸ்டர் எனக்கும் தெரியல."

"ரெண்டாவது ஆளை நான் சேர்க்கிறேன். இன்சார்ஜ்னு பேரை வச்சுக்கிட்டு நாற்காலியையா பாத்துக்கணும்?"

முதல் இரண்டு நாள் செருப்பு வழக்கம்போல் காலிக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சொன்ன வார்த்தையை யாரும் உடனே நம்பிவிடுவதில்லை. மூன்றாம் நாள், செருப்பு வைக்காமல் விட்ட ஒரு கட்டிலுக்கு, டூட்டி முடிய அரை மணி இருக்கும்போது ஒரு நோயாளி வந்தார். கடைசி பஸ் எழுந்து போய்ப் பட்டை கட்டினாள். பகல்காரர்கள் கை கழுவிக்கொண்டு, நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அன்று மாலை நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. பேசியது பாப்பா.

"அத்தை, இன்னிக்கு அம்மா பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே கேட்ல நின்னாங்க! நான்தான் லேட்டு!"

மாசக் கடைசியில் மேட்ரன் சொன்னபடியே வந்தார். அவர் படியேறி வரும்போது கொக்கு வாசலில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். கொக்கின் கண் கட்டில்களைத் தொடுவதற்கு முன்பே உள்ளேயிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒன்பது காலி, பதினாலு காலி. ஆளை அனுப்புங்க!"

கொக்குக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. "நிஜமாவா? உள்ள வந்து பாக்கட்டுமா?"

"வாங்க. வந்தா ஒரு கை தூக்கிட்டுப் போங்க."

அவர் போய்விட்டார்.

மேட்ரன் வரிசை வரிசையாக நடந்தார். நான்காம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். அதில் ஆள் இருந்தார். சாலையில் மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் வெறுங்காலோடு வந்தவர். இப்போது கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் பச்சைச் செருப்பு, செம்புக் கம்பியோடு.

"இந்தச் செருப்பு யாருது?" என்றார் மேட்ரன்.

நாத்தனார் மருந்துத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இவரோடது மேடம்" என்றாள் யுனிவர்சிட்டி. "கால்ல போட்டிருக்கார் பாருங்க."

நோயாளி காலை ஆட்டிக் காட்டினார். "நல்ல செருப்பும்மா. எவனோ கெட்டிக்காரன் கம்பி கட்டியிருக்கான்."

மேட்ரன் செருப்பைப் பார்த்தார். ஆள் இருந்த கட்டில்களையும், விரிப்பு இழுத்துப் போட்டு ஆளுக்குக் காத்திருந்த இரண்டு கட்டில்களையும் பார்த்தார். பேரைக் கேட்கவில்லை. "என்ன செஞ்சே, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. மத்த வார்டுக்கும் சொல்லணும்" என்றார்.

அவள் சொன்னாள்:

"ஒரு நர்ஸோட டூட்டியை மட்டும் பத்துல இருந்து அஞ்சுக்கு மாத்தினோம் மேடம். பகல்ல வர்ற புது ஆள் அவங்க பொறுப்பு, தொட்டவங்களே முடிச்சிடறாங்க. ஒரே நேரத்துல இன்னொருத்தர் வந்தா இன்சார்ஜ் சேர்க்கிறாங்க. வீட்டுக்குப் போறவங்க விரிப்பைக் காலையில மாத்தறதில்ல, அவங்க போனப்புறம் ஒரே தடவை மாத்தறோம்."